மாடு என்று அவள் சொன்னாள்

அந்தச் சூப் மாட்டு எலும்பில் கொதித்தது என்று எனக்கு முதல் நாளே தெரியும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துவிடுவேன். எனக்கு அந்தக் குணம் உண்டு, அதனால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்திருக்கிறது.

நெய்வேலிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஏழு வருடம். கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை. எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. நடுச்சுவரும் வாசலில் இருந்த இடுப்பளவு மதிலும் பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் பொது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், முட்டைகூட வாசற்படி தாண்டாத குடும்பம். பக்கத்து வீட்டார் கோயம்புத்தூர்ப் பக்கம், அவர்களும் சைவம். அந்த டவுன்ஷிப்பில் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். வந்த ஊரை விட்டாலும் வந்த வீட்டுப் பழக்கத்தை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். யார் வீட்டுக் கொல்லையிலிருந்து என்ன வாசனை வருகிறது என்பதைப் பெண்கள் கவனித்துக்கொண்டே இருப்போம். நானும் கவனித்தவள்தான், சும்மா அடுத்தவர்களை மட்டும் சொல்வானேன்.

எல்லோரும் சைகோன்காரி என்று கூப்பிட்டவளை நான் முதலில் பார்த்தது மந்தாரக்குப்பம் பஜாரில், மாவரைக்கும் மில்லில். வரிசையில் எனக்குப் பின்னால் ஊறவைத்த அரிசிப் பாத்திரத்தோடு நின்றாள். குள்ளமான உருவம், ஐம்பது வயது இருக்கலாம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தாள். உளுந்து இல்லாமல் வெறும் அரிசி மட்டும் இருந்ததால், "என்னம்மா, இடியாப்பத்துக்கா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடியாப்பம் இல்ல. ஃபோ. என் கடையில. வா, துன்னு பாரு" என்றாள்.

அவள் எல்லோரையும் "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள். அவள் தமிழ் கற்றுக்கொண்டது ஒரே ஒருவரிடமிருந்து, அவள் புருஷனிடமிருந்து. அவர் அவளிடம் பேசியது எப்படியோ அதுதான் அவளுக்குத் தமிழ். கடைக்கு வரும் லாரி டிரைவர்களையும் "உட்காரு, துன்னு, எலும்பை கீழ போடாத" என்று அதட்டுவாள். அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னபடி செய்வார்கள்.

புருஷன் கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். வாலிபத்தில் கப்பலேறிப் போய் சைகோனில் நம் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் முப்பது வருடம் துணி கிழித்துப் போட்டவர். அங்கேயே இவளைக் கட்டினார். சண்டை முடிந்து ஊர் கைமாறியபோது இரண்டு பேரும் இரண்டு பெட்டிகளோடு இங்கே வந்துவிட்டார்கள். சொந்த ஊரில் அவருக்கு ஒரு சாண் இடம் மிச்சமில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். யாரோ நெய்வேலியில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலை செய்கிறார்கள், சோற்றுக்கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல, ஒரு முந்திரிக்கொட்டை வியாபாரியின் கிடங்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆட்கள், லாரிக்காரர்கள், எப்போதாவது மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், இவர்கள்தான் வாடிக்கை. சைகோன் கடை என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

மில்லிலிருந்து அன்றே அவள் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக என் சமையலை நானே தின்று எனக்குச் சலித்துப்போயிருந்தது. கணவர் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி மூன்று வேளையும் மாறி மாறிச் சமைப்பேன், அவர் சாப்பிட்டபின் மிச்சத்தை அடுப்பங்கரையில் நின்றபடி விழுங்குவேன். எனக்கென்று ஒருத்தி தட்டு வைத்து உட்காரச் சொன்னது பிறந்த வீட்டோடு சரி.

கொட்டகையில் இரண்டு பெஞ்சு. சுவரில் மாதா படம் போட்ட காலண்டர். மூலையில் கயிற்றுக் கட்டிலில் புருஷன் படுத்திருந்தார். அவருக்கு நெஞ்சுச் சளி. மூச்சு விடுவது வாசல்வரை கேட்கும். அடுப்பில் நிலக்கரிக் கட்டிகள் கனன்றுகொண்டிருந்தன. நம் சுரங்கத்துக் கரியைப் பொடித்துக் கட்டியாக்கிச் சுட்டு விற்பார்களே, அதுதான். புகையாமல் நின்று எரியும். அதன்மேல் ஒரு பெரிய அலுமினியப் பானை. இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு கரியில் சுட்டு அதில் போட்டிருந்தாள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ வாசனை எனக்குப் பழக்கமானது. அதற்குக் கீழே இன்னொரு வாசனை இருந்தது. அது எனக்குப் புதிது.

நான் உட்கார்ந்ததும் அவள் பானையைக் காட்டி, "மாடு" என்றாள்.

நான் பானையைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நெற்றிக்கு மேல் இரண்டு விரலைக் கொம்பாக வைத்துக் காட்டினாள். "மாடு. எலும்பு. நீ துன்னுவியா?"

அவள் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்களப் பாத்தா சாப்பிடற ஆளு மாரி தெரியலீங்க. இது மாட்டுக்கறிங்க. வேணான்னா எலுமிச்சம்பழம் புழிஞ்சு தண்ணி குடுக்கச் சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

கிண்ணத்தை என் முன்னால் வைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மாடு. தெரியும்ல?" என்று மறுபடி கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

ஆக, அவள் சொன்னாள், அவள் புருஷன் சொன்னார், மறுபடி அவளே சொன்னாள். கோர்ட்டில் சத்தியம் வாங்கினால்கூட இத்தனை தடவை கேட்கமாட்டார்கள்.

அவள் சொன்ன ஃபோ இதுதான். அரிசி மாவைத் துணியில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து உரித்து, நாடா நாடாக நறுக்கியது அடியில் கிடந்தது. அதன்மேல் கறி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, திருநீற்றுப் பச்சிலை. கொதிக்கக் கொதிக்கச் சூப்பை மேலே ஊற்றி, எலுமிச்சைத் துண்டும் கீறிய பச்சை மிளகாயும் ஓரத்தில் வைத்தாள். முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். குமட்டும் என்று காத்திருந்தேன். குமட்டவில்லை. என் அப்பா, தாத்தா எல்லோரும் கண் முன்னால் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். அவர்களும் வரவில்லை. எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "நல்லாருக்கா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு கணவருக்கு முதல் ஷிஃப்ட் வரும் வாரங்களில், காலை பத்து மணிக்கு மேல், இரண்டு நாளாவது போய்விடுவேன். வெள்ளிக்கிழமை போகமாட்டேன். அவ்வளவு பக்தி எனக்கு! திரும்பும்போது வெற்றிலை போட்டுக்கொள்வேன், வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிப்பேன். ஒரு வருடத்துக்கும் மேல் இது நடந்தது. யாருக்கும் தெரியாது.

அவளோடு பேசிப் பேசி அவள் பாடு எனக்கு நன்றாகவே தெரியும். பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்கும் பாண்டிச்சேரிக்காரர்கள் மாதிரி இவர்களுக்கு எந்த வழியும் கிடையாது. பிள்ளைகள் இல்லை. மாதம் ஒருமுறை புருஷனைப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவாள். ஒருமுறை அவர் என்னிடம் பானையைக் காட்டி, "வூடு, நெலம், புள்ள குட்டி எல்லாம் எங்களுக்கு அந்தப் பானைதாங்க. அது அடுப்புல இருக்கிற வரைக்கும் நான் மூச்சு வுட்டுகினு இருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தக் கார்த்திகையில் பக்கத்து வீட்டுக்காரர் மலைக்கு மாலை போட்டிருந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்து எழுந்ததற்கு வேண்டுதல். மூன்றாவது வருட மாலை. விடியுமுன் பச்சைத்தண்ணீரில் குளிப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஈரத் துணியோடு சமைப்பார். மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் புருஷனைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அவர் ஜெனரல் ஷிஃப்ட். மதியச் சாப்பாடு சுடச்சுடப் போகவேண்டும் என்பதால் பத்தே முக்காலுக்கு அக்கா கேரியரை மதில்மேல் வைத்துவிடுவார். சாப்பாடு கொண்டுபோகிற பெரியவர் சைக்கிளில் வந்து எடுத்து மாட்டிக்கொண்டு போவார்.

அந்தக் கேரியரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முந்திய வருடம் பாதுகாப்பு வார விழாவில் தொழிலாளர் எல்லோருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் கேரியர் கொடுத்தார்கள். மூன்று அடுக்கு, ஒரே அளவு, ஒரே கைப்பிடி. பிளாக்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே கேரியர்தான் ஆணியில் தொங்கும். மாறிவிடக்கூடாது என்று பஜாரில் கொடுத்து மேல்மூடியில் புருஷன் பெயரைப் பொடி எழுத்தில் வெட்டிக்கொண்டோம். என் கணவர் பழைய தூக்குச்சட்டியையே வேலைக்குக் கொண்டுபோவார், இது புதுசாக அலமாரியில் இருந்தது.

அன்று காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. எனக்கு ஜலதோஷம். சூடாக ஒரு கிண்ணம் குடித்தால் தேவலை என்றிருந்தது. போனால், கொட்டகையில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு இரவெல்லாம் மூச்சுத் திணறலாம், பதினோரு மணி பஸ்ஸில் பாண்டிச்சேரி போய் மருந்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பவேண்டும். "உட்கார நேரம் இல்ல. பாத்திரம் கொண்டா, கட்டித் தரேன். வூட்டுல துன்னு" என்றாள். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அந்தக் கேரியரை எடுத்து வந்தேன். கீழடுக்கில் சூப், நடுவில் கறியும் தழையும், மேலே நாடாச் சேமியா. மாட்டை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒரு தும்மலுக்கு அதை விட்டேன்.

வீட்டு வாசலுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கொல்லையில் ஒரு கொடி நிறையத் துணி. கேட்டைத் திறக்கக் கேரியரை மதில்மேல் வைத்தேன், வைத்த கையோடு கொல்லைக்கு ஓடினேன். துணியை வாரிப் போட்டுவிட்டு வந்து மதில்மேலிருந்த கேரியரை எடுத்து உள்ளே கொண்டுபோனேன். தலையைத் துவட்டிக்கொண்டு, கிண்ணம் எடுத்து வைத்து, மூடியைத் திறந்தேன்.

உள்ளே எலுமிச்சை சாதம். அடுத்த அடுக்கில் பீன்ஸ் பொரியல். அதற்கடுத்து தயிர்சாதம்.

அக்கா வைத்த கேரியரும் அதே மதில்மேல் இருந்திருக்கிறது. மழையில் நனைந்துகொண்டு வந்த சைக்கிள் பெரியவர் அவசரத்தில் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தெருவுக்கு ஓடினேன். நீளமான நேர் ரோட்டில் மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டரைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாப்பாடு. முழுசாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அக்காவிடம் சொல்லியிருந்தால் போதும், கேரியர் மாறிவிட்டது, சாமியைச் சாப்பிடவேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள் என்று. தெருமுனையில் இருந்த டவுன்ஷிப் ஆபீஸில் சுரங்கத்துக்குப் பேச போன் உண்டு, பிரசவ வலி, சாவுச்செய்தி என்று எத்தனையோ அதில் போயிருக்கிறது. நான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே மணியடிக்கிற சத்தம். வெளியே வந்த அக்கா கையில் கற்பூரத் தட்டு.

"ஏன் கண்ணு இப்படி நனைஞ்சுட்டு நிக்கற?"

மாறிவிட்டது என்று சொன்னால், எதனோடு மாறியது என்று கேட்பார். உன் கேரியரில் என்ன இருந்தது என்று கேட்பார். நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணுமில்லக்கா, துணி எடுத்துட்டீங்களான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தேன். மூடியில் பெயர் இருக்கிறது, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நம்பிக்கொண்டேன். அக்காவின் எலுமிச்சை சாதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கேன்டீனில் நடந்ததை மூன்று மணிக்கு வந்து கணவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் மேலடுக்கைத் திறந்ததும், வீட்டில் சந்தகை செய்து அனுப்பியிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். அவர்கள் பக்கத்தில் அது இடியாப்பம் மாதிரி ஒரு விசேஷப் பலகாரம். கீழடுக்கிலிருந்து சூப்பை ரசம் என்று நினைத்து ஊற்றிப் பிசைந்து, சாமி பெயரைச் சொல்லி நாலு வாய் சாப்பிட்டுவிட்டார். அன்னாசிப்பூ மணம் தூக்கலாக இருந்ததில் மற்ற வாசனை அவருக்கு எட்டவில்லை. நடு அடுக்கைத் திறந்தபோதுதான் பக்கத்து மேஜையில் இருந்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் பதறிப்போய், "சாமி, கைய எடுங்க சாமி, இது சைகோன் கடை மாட்டுக்கறியாச்சே" என்று கத்தியிருக்கிறார். யார் கேரியர் என்று மூடியைத் திருப்பிப் பார்த்தார்கள். என் கணவர் பெயர் இருந்தது. அவர் அதே கேன்டீனில், இரண்டு மேஜை தள்ளி, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி இது?" என்றார் என்னிடம். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் ஒருவேளை நானும் உண்மையைக் கத்தியிருப்பேன்.

அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா அழுது வீங்கிய முகத்தோடு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் புருஷன். மூன்று முறை குளித்திருக்கிறார், தலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை இல்லை.

வாய் கூசாமல் சொன்னேன். மில்லில் அவளைத் தெரியும், ஜலதோஷம் என்றேன், காய்கறி போட்ட மிளகு சூப் தருகிறேன் என்றாள், நம்பி வாங்கினேன், நான் இன்னும் வாயில்கூட வைக்கவில்லை, நல்லவேளை. கோர்வையாக வந்தது. அந்த ஒரு வருடமும் இதற்காகவே மனதுக்குள் எழுதிவைத்திருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தம்மா தெரிஞ்சே குடுத்தாங்களா, இல்ல தெரியாம கைதவறுதலா மாறிப்போச்சுங்களா?"

அவளைக் காப்பாற்ற அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார். தெரியாமல் மாறியிருக்கும் என்று நான் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனாலும் பானை தப்பியிருக்கும். ஆனால் மாறியது என்றால், அவள் கடையில் காய்கறி சூப் இருக்கிறதா, மாறுவதற்கு என்று யாராவது கேட்பார்கள். என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது பாருங்கள்.

"தெரிஞ்சுதான் குடுத்தா" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். அவர் மட்டும்தான் போனார். மற்றவர்கள் ஏழெட்டுப் பேர் பஜாருக்குக் கிளம்பினார்கள். என் கணவரும் கிளம்பினார். அவர் பெயர் வெட்டிய கேரியர் அல்லவா, போகாமல் இருந்தால் நாளைக்கு வேலைக்குப் போகமுடியாது. திரும்பி வந்தபோது அவர் பேன்ட் முழங்கால்வரை நனைந்து கொழுப்பு ஒட்டியிருந்தது. வாசலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"பானையைக் கவுத்துட்டாங்க. அடுப்பையும் மிதிச்சுட்டாங்க. பாண்டிச்சேரியிலேர்ந்து அப்பதான் ரெண்டு பேரும் வந்து எறங்குறாங்க. எதுக்குன்னே அந்தப் பொம்பளைக்குப் புரியலை, மூடியைப் பிடிச்சுக்கிட்டு எல்லார் மூஞ்சியையும் பாக்கா. அவ வீட்டுக்காரரு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு என்னங்க தப்பு, என்னங்க தப்புன்னு கேட்டாரு. என் கையையும்தான் பிடிச்சாரு" என்றார். பிறகு குளிக்கப் போனார்.

மறுநாள் கோயிலிலிருந்து பஞ்சகவ்யம் வாங்கிவந்து அக்கா வீட்டில் எல்லோரும் குடித்தார்கள். அந்தப் பொருள் வாசல்வரை வந்த தோஷத்துக்கு நீயும் குடி என்று எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார் அக்கா. குடித்தேன். ஒரு வருடமாக அந்தச் சூப்பில் ஒருநாள்கூட எனக்குக் குமட்டியதில்லை, அன்று கொல்லையில் போய் வாந்தியெடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வருடம் மலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வருடங்களிலும் போகவில்லை. தனக்குத் தகுதியில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார். அதுவும் என் கணக்கில்தான்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு வெயிலடித்தது. நான் வாசலில் நிலக்கரித் தூசியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மதிலுக்கு அந்தப்பக்கம் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார். சைகோன்காரி ரோட்டில் வந்தாள். எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததே இல்லை, நான் விடவில்லை. யாரிடமோ விசாரித்து வந்திருக்கிறாள். புடவை பழையபடி கணுக்காலுக்கு மேலே. முகம் சின்னதாகிப்போயிருந்தது.

கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"அவரு ஆஸ்பத்திரில படுத்துகினு கீறாரு" என்றாள். "எடத்துக்காரரு காலி பண்ணு சொல்றாரு. அந்தம்மா வந்து, நீ மாடுன்னு சொல்லித்தான் குடுத்தன்னு ஒரு வார்த்த சொன்னா, கடை போட்டுக்கோன்னு சொன்னாரு. நீ வந்து சொல்லு. அவர்கிட்ட மட்டும் சொல்லு. வேற யாருக்கும் வேணாம்."

அக்கா நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல? மாடுன்னு சொன்னேன்ல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்த ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்வேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பத்து நிமிட நடை, முந்திரிக் கிடங்குவரை. ஒரே ஒரு வார்த்தை. அந்த வியாபாரி யாரிடமும் சொல்லாமல் இருக்கவும் கூடும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்தது. பதற்றத்தில் வாய் குழறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"நீ எங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லியே" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியப்போகிறது, இதோ கத்தப்போகிறாள், வருடம் முழுக்க வந்து தின்றாயே என்று தெருவைக் கூட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஆனால் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். உதடுகள் அசைந்தன. முதல் நாளிலிருந்து என்னிடம் பேசியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"என் தமிழ் சரியில்லியா?" என்றாள் கடைசியில். "நான் வேற என்னமோ சொல்லிட்டேனா? உனக்குப் புரியலியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன்.

அவள் மதில் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்துக் கைகூப்பினாள். யாருடைய வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "எனக்கு பாஷ தெரியாது. தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சிடு. சாமிய மன்னிக்கச் சொல்லு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தும் ஒருமுறை கைகூப்பினாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "போம்மா, போ. தெரியாம பண்ணினதுக்கு என்ன பண்றது. உன் வீட்டுக்காரரைப் பாரு" என்றார். அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். ரோடு நேராகப் போகும் ஊர் அது. வெகுதூரம்வரை முதுகு தெரிந்துகொண்டே இருந்தது.

"பாவம் கண்ணு, பாஷை தெரியாத சனம். அவளை என்ன சொல்றது" என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாக்கா, பாவம்" என்றேன் நான்.